கடைசி பஸ்

கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வகுப்பறையைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. மன்றங்கள், நாடக ஒத்திகை, கையெழுத்துப் பத்திரிகை, விடுதி மொட்டைமாடியில் விடியும்வரை நடந்த சர்ச்சைகள் என்றுதான் எழுதுகிறார்கள். நானும் அப்படியே பேசி வந்திருக்கிறேன். இவையெல்லாம் மாலை ஐந்து மணிக்கு மேல் நடந்தவை என்பது எனக்கு உறைத்தது ஒருவனால்தான்.

1981. காவிரிக் கரையில் ஒரு கல்லூரி. நான் தமிழ் மன்றச் செயலாளர். இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. கல்லூரி மேடைக்கு அப்போது ஒரு பழைய கனம் மிச்சமிருந்தது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1967 தேர்தலில், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார். மைக் முன்னால் நின்ற எந்த மாணவனும் இந்த இரண்டையும் அறிந்திருந்தான். நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது குரலின் உரப்பை மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. தலைப்பு, கங்கைகொண்ட சோழபுரம். ஊரை நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கங்கை நீர் வந்ததையும், சோழகங்கம் என்ற ஏரி நீராலான வெற்றித் தூணாக நின்றதையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். தஞ்சையில் தந்தை எழுப்பிய கோபுரத்தை மகனின் கோபுரம் விஞ்சி நிற்கிறது என்று முடித்தேன். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. பேச்சு ஆண்டு மலரில் அச்சாகி வந்தது.

அந்த ஊர்க்காரன் ஒருவன் என் வகுப்பிலேயே இருந்தான். நாலரை மணி அடித்ததும் நோட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். திருப்பனந்தாள், அணைக்கரை வழியாகப் போகும் பஸ். அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடப்பது குறுகிய கீழணைப் பாலத்தின் மேல். எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். 1836இல் அந்த அணையைக் கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கல் எடுத்துப் போனார்கள். தன் ஊர்க் கல்லின் மேல்தான் அவன் தினமும் இரண்டு முறை போய்வந்தான். இது என் பேச்சில் இல்லை.

1982 கோடையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அந்த ஊர்ப்பக்கம் அமைந்தது. காந்தி நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. அதன் சின்னம் கோனார்க் கோயிலின் தேர்ச்சக்கரம். ஒரு கோயிலின் சக்கரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, இன்னொரு கோயிலுக்குப் பக்கத்தில் குளம் தூர் வாரினோம். பள்ளிக்கூடத்துத் தரையில் படுக்கை. முதல் நாள் பத்துக் கூடை மண் சுமப்பதற்குள் உச்சந்தலை எரிந்தது. அவன் வந்து துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக் காட்டினான். அவன் அம்மா தள்ளி நின்று சிரித்தார். 1980-81இல் மாநிலத் தொல்லியல் துறை மாளிகைமேட்டில் சோழர் அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டியபோது மண் சுமந்தவர் அவர்.

ஒரு சாயங்காலம் கோயிலுக்குள் சிங்கக் கிணற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். அவனே ஆரம்பித்தான்.

"மலர்ல உன் பேச்சப் படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. ஆனா தஞ்சாவூர்க் கோயில்தாண்டா உசரம்."

தஞ்சை விமானம் 216 அடி. இது ஏறத்தாழ 180. தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். பார்த்தால் மட்டும் என்ன தெரியும்?

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"எப்ப சொல்றது? நீங்க கூட்டம் ஆரம்பிக்கிறப்ப நான் திருப்பனந்தாள் தாண்டியிருப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். கைதட்டியவர்கள் எல்லோரும் விடுதிக்காரர்கள், இல்லாவிட்டால் உள்ளூர்க்காரர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் பாதிப் பேர் பஸ்ஸில் இருந்தார்கள். மன்றம் எல்லோருக்கும் பொது என்று சுற்றறிக்கையில் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஜூலையில் கல்லூரி திறந்ததும் மன்றக் கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்றலாம் என்றேன். அந்நேரத்துக்குப் பேச்சாளர்கள் வரமாட்டார்கள், பசி நேரம், மைக் கிடைக்காது என்றார்கள். கடைசியில் மாதம் ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தோம். அவனைப் பேசச் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசித்தான். மாளிகைமேட்டில் அவன் அம்மா சுமந்த மண்ணில் என்னென்ன வந்தது என்ற பட்டியல். கூரை ஓடு. இரும்பு ஆணி. கண்ணாடி வளையல் துண்டு. சீனத்துப் பீங்கான் சில்லு. மறுபடி கூரை ஓடு. மறுபடி ஆணி. அரண்மனை என்றால் எனக்குத் தூணும் சிம்மாசனமும்தான். அதற்கு ஓடு வேய்ந்திருந்தார்கள், ஆணி அடித்திருந்தார்கள் என்பதை அன்றுதான் கேட்டேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். யாரும் கைதட்டவில்லை, முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தான்.

அந்தப் பக்கத்தை மலருக்குக் கேட்டேன்.

"அதே பக்கத்துலதான் கூலிக் கணக்கும் இருக்குடா" என்றான். தரவில்லை. வேறு தாளில் எழுதித் தரும்படி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்று கூட்டங்களோடு மதிய மன்றம் நின்றுபோயிற்று. நான் பிடிவாதமாக இருந்திருந்தால் நடந்திருக்கலாம். பேச்சாளர்கள் வரவில்லை என்பது உண்மை. மைக் இல்லாத கூட்டத்தில் எனக்கும் சுவாரஸ்யம் குறைந்துவிட்டது என்பதும் உண்மை.

2004இல் அந்தக் கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமான செய்தி வந்தபோது பழைய மலர்களை எடுத்துப் புரட்டினேன். என் பேச்சு இருந்தது, அந்த உயரத்தோடு. அடுத்த வருஷ மலரில் மன்றத்தாரின் குழுப்படம். பதினாறு பேர் இருக்கிறோம். மாலை வெயிலில் எடுத்தது.