ஓடுகிற சொல்

ஒரு மொழியில் மிகுதியாக உழைப்பவை பெரும்பாலும் சின்னஞ்சிறு சொற்களே. ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் வினைச்சொல் அத்தகையது. பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ‘ஓடு’ என்று உடனே பொருள் கூறிவிடும். ஆனால், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியார் இவ்வினைக்கு மட்டும் 645 பொருள்களை வகுத்திருப்பதாக 2011-ஆம் ஆண்டில் செய்தி வெளிவந்தது. 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் சொல்லே மிக நீண்ட பதிவாக இருந்தது.

ஆறு ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது என்பனவற்றில் இரு மொழிகளும் ஒத்துச் செல்கின்றன. கடை நடத்துவதற்கும் ஆங்கிலேயர் இதே சொல்லை ஆள்வர். நாமோ தன்வினையாகிய ‘ஓடு’ என்பதைப் பிறவினையாக்கி ‘ஓட்டு’ என்போம். அன்றேல் ‘நடத்து’ என்போம். அவர்களுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அமெரிக்காவில் தேர்தலுக்கு ‘ஓடுகிற’ வேட்பாளர், தமிழகத்தில் ‘நிற்கிறார்’. இங்கிலாந்திலும் நிற்பதே வழக்கு!

அரபு மொழியின் ‘ஜரா’ என்னும் வினையும் இதற்கு உறவினன் போன்றது. நீர் ஓடுவது, கப்பல் செல்வது, நிகழ்ச்சி நடப்பது யாவற்றையும் அது குறிக்கும். நம் இல்லங்களில் வழங்கும் ‘ஸதகத்துல் ஜாரியா’வில் உள்ள ‘ஜாரியா’ அதிலிருந்து பிறந்ததே. கிணறு வெட்டியவர் மறைந்த பின்னும் நன்மை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஓட்டம் என்பது வேகமன்று, இடையறாமை.

ஆங்கிலச் சொல்லிலும் இப்பொருள் உண்டு. எங்கள் தெருவைச் சேர்ந்த தாயார் ஒருவர், வளைகுடா நாட்டுக்குப் புறப்படவிருந்த மகனின் வேலை ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தார். “ஹஜ்ரத், வேலையை விட்டு ஓடினால் தண்டனை என்று எழுதியிருப்பதாக மகன் பயப்படுகிறான்” என்றார். வாசித்துப் பார்த்தேன். பணியேற்ற நாளிலிருந்து ஒப்பந்தம் இரண்டாண்டுகள் ‘ஓடும்’, அதாவது நடப்பில் இருக்கும் என்பதே அவ்வாக்கியம். விளக்கியதும் அவர் விரல்விட்டு எண்ணி, “அப்படியானால் இரண்டு ரமலான் அவனில்லாமல்தான்” என்றார். அச்சம் நீங்கியது; பிரிவின் அளவும் தெரிந்தது.

பெற்றோர்களே, அகராதியின் முதற்பொருளோடு பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், “எந்த வாக்கியத்தில்?” என்று திருப்பிக் கேட்க அவர்களைப் பழக்குங்கள்.