645 கடற்பறவைகள்... 80 ஆண்டுகளுக்குப் பிறகு பெயர் கிடைத்த இளம் மாலுமி!

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வடக்கே சுமார் 420 கிலோமீட்டர் போனால், ஜெரால்டன் என்ற கடலோர ஊர் வரும். அங்குள்ள ஸ்காட் குன்றின் மேல் ஒரு குவிமாடம். அண்ணாந்து பார்த்தால், எஃகில் செய்த 645 கடற்பறவைகள். ஒவ்வொரு பறவையும் கடலில் மாண்ட ஒரு வீரர்!

1941 நவம்பர் 19. ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி', சரக்குக் கப்பல் வேடத்தில் வந்த ஜெர்மனியின் 'கோர்மோரன்' கப்பலுடன் மோதியது. இரண்டுமே மூழ்கின. ஜெர்மானியர்கள் 300-க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். 'சிட்னி'யில் இருந்த 645 பேரில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை.

சுமார் இரண்டரை மாதங்கள் கழிந்தன. 1942 பிப்ரவரியில், தொலைதூர கிறிஸ்துமஸ் தீவின் அருகே ஒரு மிதவை ஒதுங்கியது. அதில் ஒரு மாலுமியின் உடல். யாரென்று தெரியவில்லை. தீவிலேயே மரியாதையோடு புதைத்தார்கள். காலப்போக்கில் அந்தக் கல்லறை இருந்த இடமே மறந்துபோனது.

2006-ல் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2008 மார்ச்சில், சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் 'சிட்னி'யும் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், அந்த மாலுமியை ஜெரால்டனின் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அப்போதும் அவருக்குப் பெயர் இல்லை.

பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ-வை உறவினர்களின் டி.என்.ஏ-வோடு ஒப்பிட்டு, 2021 நவம்பரில் விடை சொன்னார்கள். அவர், தாமஸ் வெல்ஸ்பி கிளார்க். பிரிஸ்பேன் நகரத்துப் பிள்ளை. வயது 21. கணக்காளராக இருந்து கடற்படைக்கு வந்தவர். 'சிட்னி'யில் சேர்ந்து நான்கு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

குன்றின் மேல் இன்னொரு சிலையும் இருக்கிறது. காற்றில் பறக்கப் பார்க்கும் தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி, கடலையே பார்த்து நிற்கும் பெண். 'காத்திருக்கும் பெண்' என்பதுதான் சிலையின் பெயர். மகனுக்காக, கணவனுக்காக, அண்ணன் தம்பிக்காகக் காத்திருந்து ஓய்ந்துபோன அத்தனை பெண்களுக்கும் சேர்த்து அவள் நிற்கிறாள்.

645 பேரின் வீடுகளில், கல்லறை என்று போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அதுவும் 80 ஆண்டுகள் கழித்து!

நினைவிடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஜெரால்டன் போகிறவர்கள், குன்றிலிருந்து இறங்கியதும் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை போய் வரலாம்.