தேக்கம்

பத்து வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைகளை ‘தேக்கம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் வளைவுக்குள் வளர்ந்தவனுக்கு அந்த வார்த்தை சுலபமாக வந்தது. அவர் பிறகு எழுதவில்லை.

சமீபத்தில், பாங்கு வேலைக்கு நடுவில், மழைநீரை மண்ணில் வடிகட்டும் தொட்டிகளைப் பற்றிப் படித்தேன். தெருத் தண்ணீரில் சாணி, சிறுநீர், அழுகிய இலை எல்லாவற்றின் நைட்ரஜனும் இருக்கிறது. மேல் மணலில் காற்று உண்டு. 1890-களின் தொடக்கத்தில் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டிய வகைப் பாக்டீரியாக்கள் அங்கே அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வேலை முடிந்துவிடவில்லை. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. அடுத்த மழையில் கரைந்து போய்விடும். வேகமாக வடியும் தொட்டியிலிருந்து, வந்ததைவிட அதிக நைட்ரேட் வெளியேறுவதும் உண்டு. அதனால் வெளிக்குழாயை உயர்த்தி, மரச்சீவல் கலந்த அடிமணலில் தண்ணீரை நிற்க வைக்கிறார்கள். காற்றில்லாத அந்த இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் மரத்தின் கார்பனைத் தின்று, நைட்ரேட்டின் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பிவிடுகின்றன. அவசரப்படுத்த முடியாது.

கூவத்திலும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் சாக்கடை கலந்து, முதல் கட்டத்துக்கே காற்றில்லை. அம்மோனியா அம்மோனியாவாகவே கிடக்கிறது.

இரண்டும் தேக்கம்தான். எது எதுவென்று பார்த்துச் சொல்வதுதான் விமர்சனம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

அந்தக் கவிதைகளை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். அவை நல்ல கவிதைகள் என்று இப்போது சொல்ல வரவில்லை. இந்தத் தடவை நிதானமாகப் படிக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை.