வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்கள்

சங்கம் அமைப்பதில் நம்மவருக்குச் சலிப்பென்பதே கிடையாது. மூவர் கூடினால் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு தனாதிகாரி! ஆயினும் எண்ணிக்கையிற் குறைந்த சமூகத்தின் குரல் ஆட்சியாளர் செவியில் விழுவதற்குச் சங்கத்தையன்றி வேறு வழி ஏது? எந்தச் சங்கம் எதைச் சாதித்தது என்பதே நாம் மாணவருடன் அடிக்கடி ஆராயும் விஷயம்.

1905இல் தோன்றிய யாழ்ப்பாணச் சங்கம் கற்றோர் சபை. மனு எழுதுவதில் வல்லது. சட்டநிரூபண சபையில் மேல்மாகாணத் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று 1918இல் சிங்களத் தலைவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதியை நம்பியே அது இலங்கைத் தேசிய காங்கிரஸுக்கு இணங்கியது. 1919இல் காங்கிரஸின் முதல் தலைவராக அமர்ந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அந்த ஆசனம் கிடைக்கவில்லை. 1921இல் அவர் வெளியேறினார். கடிதம் கையில் இருந்தது. அதை நிறைவேற்றுவிக்கும் வலு இருக்கவில்லை.

பின்னர் இளைஞர் எழுந்தனர். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவரும் இவ்விளைஞரே. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென்று 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்தவர் ஒருவருமிலர். பேர்பெற்ற அப்புக்காத்துமாரையெல்லாம் வீட்டிலிருத்திய அந்தச் செல்வாக்கை என்னென்பது!

எமது பாட்டனார் அப்போது பதினாறு வயது மாணவர். பகிஷ்காரக் கூட்டங்களுக்குக் கால்நடையாகவே சென்றதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். அது வெற்றியென்றே இறுதிவரை சாதித்தார். எமக்கு அது உடன்பாடன்று. தென்னிலங்கை நம்மைப் பின்பற்றவில்லை. சபை கூடியது, ஏழு மந்திரிமாரும் தெரிவாயினர். நமது ஆசனங்கள் மட்டும் 1934இல் தேர்தல் நடக்கும்வரை வெறுமையாய்க் கிடந்தன. கொள்கை உயர்ந்ததே, ஆனால் இல்லாதவனிடம் யார் யோசனை கேட்பார்?

அந்த ஏழு மந்திரிமாருள் ஒரு தமிழரும் இருந்தார் என்பதைப் பலர் அறியார். அவர் அட்டன் தொகுதிப் பிரதிநிதி பெரி. சுந்தரம். அவரைத் தெரிந்தனுப்பிய மலைநாட்டு மக்களின் கதையோ வேறு. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். நம்மூரில் அவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்று இகழ்ந்த வாய்களும் உண்டு; அதை நினைக்க நாணமாயிருக்கிறது. வாக்கில்லாத அவர்களிடம் தொழிற்சங்கம் இருந்தது. நாட்டின் வருவாயான தேயிலை அவர்கள் விரல் நுனியில் இருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் நாடாளுமன்றம் சென்று, 1978இல் அமைச்சரானார். அமைச்சரவையில் இருந்துகொண்டே, 1986ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டித் தொழிலாளரை வேலைக்குச் செல்லாது பிரார்த்தனையில் அமரச் செய்தார். கொழுந்து பறிப்பாரின்றிச் செடியிலேயே முற்றியது. நாடற்றவருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. வடக்கில் மூண்டிருந்த போரும், இந்திய அரசின் நெருக்குதலும் துணைநின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை.

எஞ்சியோர்க்கென 1988இலும் 2003இலும் மேலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. வாலிபர் காங்கிரஸின் பெயரையாவது நமது மாணவர் சிலர் அறிவர். அந்தப் பிரார்த்தனையைப் பற்றிக் கேள்விப்பட்டவரைக் காண்பதரிது.