பச்சை விளக்கும் 43 பேரும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், விஷயம் ரத்த தானம் பத்தினது :-)

எங்க ஊர்ல நண்பர்கள் சேர்ந்து ரத்தக் கொடையாளர் பட்டியல் ஒண்ணு வெச்சிருக்கோம். முதல்ல எக்செல்ல இருந்தது. நான்தான் வீராவேசமா, "ரெயில்ஸ்ல ஒரே வாரத்துல பண்ணித் தர்றேன்"னு வாய விட்டேன். (ஒரு வாரம் மூணு மாசம் ஆச்சு, அது தனிக்கதை.) மூணே மூணு மாடல்: கொடையாளர், முகாம், தானம். ஒரு கொடையாளருக்குப் பல தானம், ஒரு முகாமுக்கும் பல தானம். ரெயில்ஸ்ல இந்த உறவை எல்லாம் ஹேஸ் மெனி, பிலாங்ஸ் டுன்னு ஆளுக்கு ஒரு வரியில முடிச்சிடலாம்.

நம்ம நாட்டு விதிப்படி ஒரு தடவை ரத்தம் குடுத்தா ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழிச்சுத்தான் அடுத்து குடுக்கலாம். அந்தக் கணக்கைத்தான் என் அப்ளிகேஷன் பாக்கும். கடைசி தானத் தேதியை எடுத்து, நாள் முடிஞ்சவங்க பேரை மட்டும் காட்டும்.

ஒருநாள் ராத்திரி ஓ நெகடிவ் அவசரமா தேவைப்பட்டது. போன் பண்ற பொறுப்புல இருக்கற அண்ணன், பட்டியல்ல முதல்ல வந்தவரைக் கூப்பிட்டிருக்காரு. அவரு சொன்னது: "போன மாசந்தானே தம்பி குடுத்தேன்? நாள் ஆயிடுச்சுன்னா சொல்லுங்க, கிளம்பி வர்றேன்."

அடுத்த போன் எனக்கு. அண்ணன் திட்டல. "உன் மெஷின் எண்ணத் தெரியாம எண்ணுதுடா"ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

நோண்டிப் பாத்தா, போன மாச முகாமை யாரோ ரெண்டு தடவை பதிவு பண்ணியிருக்காங்க. இன்னொருத்தர் நல்லெண்ணத்துல ஒண்ணை அழிச்சிருக்காரு. அழிச்சது தானங்கள் இருந்த முகாமை. அதோட 43 பேரோட தானமும் காலி. அந்த 43 பேருக்கும் அதுக்கு முந்தின தேதிதான் கடைசி தேதின்னு ஆயிடுச்சு.

காரணம் நான் எழுதின ஒரு வரி. முகாம் மாடல்ல 'ஹேஸ் மெனி தானங்கள், டிபெண்டென்ட் டெஸ்ட்ராய்'. பாடம் சொல்லித் தர்ற இடத்துல எல்லாம் பதிவு, பின்னூட்டம்னுதான் உதாரணம் இருக்கும். பதிவு போனா பின்னூட்டமும் போகணும், சரி. அதை அப்படியே இங்க கொண்டு வந்து ஒட்டிட்டேன். முகாம்ங்கறது ஒரு பந்தல். பந்தலைப் பிரிச்சா குடுத்த ரத்தம் திரும்பி வந்துடுமா?

இதுல கேவலம் என்னன்னா, டெஸ்ட் இருந்தது. ஷுடா மேட்சர்ஸ் வெச்சு, 'முகாமுக்குப் பல தானம், டிபெண்டென்ட் டெஸ்ட்ராய்'னு ஒத்த வரி டெஸ்ட். எப்பவும் பச்சை. உறவு எழுதியிருக்கா, டேபிள்ல அதுக்கான காலம் இருக்கா, சொன்ன ஆப்ஷன் இருக்கா, இவ்வளவுதான் அது பாக்கும். அந்த ஆப்ஷன் சரியான்னு கேக்காது. பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தின கதை.

தொலைஞ்சதை பேக்கப்ல இருந்து மீட்டாச்சு. அப்புறம் வேற மாதிரி டெஸ்ட் எழுதினேன். ஒரு கொடையாளர், ஒரு முகாம், ஒரு தானம் உருவாக்கு. முகாமை அழி. கொடையாளரோட தானம் இன்னும் இருக்கான்னு பாரு. கோடைத் திருத்தறதுக்கு முன்னாடியே ஓட்டினேன், சிவப்பு வரணும். வந்தது பச்சை! அரை மணி நேரம் மண்டையப் பிச்சுக்கிட்டேன். கொடையாளரோட தானங்களை முன்னாடியே ஒரு தடவை லோட் பண்ணியிருந்தேன், மெமரில இருந்த பழைய பட்டியலையே எடுத்துக் காட்டுது. ரீலோட் போட்டதும் சிவப்பு. ஒரு சிவப்பைப் பாத்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான்.

டெஸ்ட்ராயை எடுத்துட்டு 'ரெஸ்ட்ரிக்ட் வித் எரர்' போட்டேன். இப்ப தானம் இருக்கற முகாமை அழிக்கப் போனா அப்ளிகேஷன் மறுத்துடும். ஆனா கன்சோல்ல யாராவது டெஸ்ட்ராய்க்குப் பதிலா டெலீட்னு அடிச்சா ரெயில்ஸ் இந்தக் காவலை எல்லாம் தாண்டிப் போயிடும். அதனால டேட்டாபேஸ்லயே ஃபாரின் கீ போட்டு, அதுக்கும் ஒரு டெஸ்ட்.

இன்னொண்ணும் அப்பத்தான் கண்ணுல பட்டது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் குடுக்கறவங்களுக்கு முகாமே கிடையாது. ரெயில்ஸ் 5லேர்ந்து, அதாவது 2016லேர்ந்து, பிலாங்ஸ் டுன்னு எழுதினா அந்தப் பக்கம் ஆள் இருந்தே ஆகணும், இல்லன்னா சேவ் ஆகாது. நம்ம ஆளுங்க என்ன பண்ணியிருக்காங்க? 'சும்மா'ன்னு ஒரு முகாமை உருவாக்கி எல்லாரையும் அதுக்குள்ள தள்ளியிருக்காங்க! முகாமை ஆப்ஷனல்னு மாத்தினேன். முகாம் இல்லாத தானம் சேவ் ஆகணும், கொடையாளர் இல்லாத தானம் ஆகக் கூடாது. ரெண்டுக்கும் ரெண்டு டெஸ்ட்.

முதல் டெஸ்டுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு யோசிச்சு, கடைசில தமிழ்லயே வெச்சுட்டேன்: "போன மாசந்தானே தம்பி குடுத்தேன்". தினமும் ஓடுது. அண்ணனுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். "அவருக்கு 90 நாள் என்னிக்கு முடியுதுன்னு அதையும் பாத்து சொல்லு"ன்னு பதில் வந்தது.