அப்பா கேட்ட கேள்வி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கவே பேசுவோம். சண்டையோ என்று அண்டை வீட்டார் எட்டிப் பார்த்ததுண்டு. சண்டையல்ல, அப்பாவுக்குக் காது கேளாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் துளைபோடும் இயந்திரத்தோடு நின்றவர். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு வகுப்பில் உட்செவியைப் படித்தபோதுதான் அப்பாவின் குறை எனக்கு விளங்கியது. காரைப் பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுபோலச் சுருண்டதுதான் காக்ளியா. அதனுள் ஏறத்தாழ 15,000 உரோம செல்கள் உள்ளன. ஒலியதிர்வை மின்சைகையாக்கி நரம்புக்குத் தருபவை அவையே. பேரிரைச்சலில் அவை மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும் என்று 1988-இல் கண்டறிந்தார்கள். எங்கள் வீட்டுக் கோழிக்குள்ள பாக்கியம் அப்பாவுக்கு இல்லை!

பிறகு நூலகத்தில் ஒரு செய்தி படித்தேன். 2013-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரல் கோலர், எரி ஹஷினோ முதலியோர் சுண்டெலியின் ஸ்டெம் செல்களிலிருந்து உரோம செல்கள் கொண்ட உட்செவித் திசுவை ஆய்வகத்திலேயே வளர்த்தார்கள். 2017-இல் மனித ஸ்டெம் செல்களிலும் அது கைகூடியது. அன்று மாலை வீட்டுக்கு ஓடி, "உங்களுக்குக் காது கேக்கப் போவுதுப்பா!" என்று கத்தினேன்.

மறுநாள் பேராசிரியர் என் அவசரத்தைத் திருத்தினார். அந்தச் செல்களில் பெரும்பாலானவை உடலின் சமநிலையை உணரும் செல்களையே ஒத்தவை. காதில் பொருத்தும் நிலை இன்னும் வரவில்லை. மரபணுக் குறைகளை ஆராயவும் மருந்துகளைச் சோதிக்கவும் உதவும் மாதிரி அது என்றார்.

தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னேன். அவர் வருந்தவில்லை.

"எங் காது போனது போவட்டும் பாப்பா. உங்கண்ணனும் இப்ப அதே மாதிரி மிசின்லதான் நிக்கிறான். அதுக்கு ஒம் படிப்புல வழி இருக்கா?"

இருந்தது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்பது செவிக்குக் கேடு. அதைத் தடுக்கக் காதுக் கவசம் உதவும். உதவித்தொகைப் பணத்தில் பெரம்பலூர் கடைவீதியில் ஒன்று வாங்கினேன். அண்ணன் முதலில் சிரித்தான். இப்போது மறக்காமல் எடுத்துப் போகிறான்.

மேற்கொண்டு படித்து அந்த ஆய்வில் சேர எனக்கு ஆசை. நண்பர்களே, இழந்த செவியை மீட்கும் நாள் வரும்வரை, இருக்கும் செவியைக் காப்பதும் விஞ்ஞானம்தான்.