பொய்க் கூட்டம்

கூட்டம் என்றால் என்னவென்று திருவனந்தபுரத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆற்றுக்கால் பொங்கலுக்கு 2009இல் கூடிய பெண்கள் 25 இலட்சம் என்று கின்னஸ் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. தெருவெல்லாம் செங்கல் அடுக்கிக் காத்திருப்பார்கள். கோயில் அடுப்பில் தீ மூட்டியதும் ஊர் முழுதும் அடுப்புகள் பற்றிக்கொள்ளும்!

படிப்பின் பகுதியாக, கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறேன். அங்கே என் வேலை பொய்க் கூட்டம் சேர்ப்பது. ஓர் இணையதளத்தைத் திறக்குமுன், ஆயிரக்கணக்கானோர் வந்து மோதுவதுபோல் கணிப்பொறியிலிருந்தே வேண்டுகோள்களை அனுப்பி, அது தாங்குமா என்று பார்க்கவேண்டும். ஜேமீட்டர் போன்ற இலவசக் கருவிகள் இதற்கு உண்டு. விடுதி நண்பர்கள் என்னை, “ஆளில்லாத ஊரில் திருவிழா நடத்துகிறவன்” என்பார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு இது சிரிப்பன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் தேர்வு முடிவு வந்த நாளில் தளம் இரவுவரை திறக்கவேயில்லை. மதிப்பெண் தெரிந்தபோது, அவள் விரும்பிய கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நேரம் கடந்துவிட்டது. “சோதித்துப் பார்த்துத்தான் வெளியிட்டோம்” என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சோதித்துத்தான் இருப்பார்கள், கூட்டம்தான் மெய்க் கூட்டம்போல் இருந்திராது.

எப்படி என்கிறீர்களா? ஆயிரம் பொய் மாணவர்களும் ஒரே பதிவெண்ணைக் கேட்டால், தளம் ஒருமுறை தேடிய விடையை நினைவில் வைத்துக்கொண்டு அதையே எல்லாருக்கும் நீட்டிவிடும். இது பெரிய ஏமாற்று. அதைவிடப் பெரிது ஒன்றுண்டு. கருவியின் பொய் மனிதன் பரம சாது. பதில் வரும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததைக் கேட்பான். தளம் தளர்ந்தால் கூட்டமும் தானே தளர்ந்துவிடும்! மெய் மனிதர்கள் அப்படியா? உள்ளே நெரிசல் என்று அறியாமல் வந்துகொண்டேயிருப்பார்கள்; பதில் தாமதித்தால் மறுபடி மறுபடி அழுத்துவார்கள். இவ்விரு வகைக் கூட்டங்களின் விளைவுகள் எவ்வளவு மாறுபடும் என்பதை 2006இல் ஷ்ரோடர், வியர்மன், ஹார்க்கல்-பால்டர் என்னும் மூவர் ஆராய்ந்து எழுதினர்.

கோபன்ஹேகனில் எர்லாங் என்பவர் 1909லேயே தொலைபேசி அழைப்புகளின் வருகையைக் கணக்கிட்டார். அவை ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வருபவை. தேர்வு முடிவோ பொங்கல் அடுப்பு. ஒரே நொடியில் பற்றுவது. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிறைந்தோரின் தடுப்பூசிப் பதிவுக்குக் கோவின் தளம் திறந்தபோதும் அப்படித்தான். முதலில் பலருக்குப் பிழைச் செய்தியே கிடைத்தது. ஆயினும் அன்று ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர்.

சென்ற மாதம் ஒரு தேர்வு முடிவுத் தளத்துக்குக் கூட்டம் சேர்த்தேன். ஒவ்வொருவனுக்கும் வேறு பதிவெண். பாதிப் பேருக்கு மந்தமான கைபேசி இணைப்பு. ஐந்து விநாடியில் பதில் வராவிட்டால் மீண்டும் அழுத்தும் அவசரம். நான்காம் நிமிடத்தில் தளம் படுத்துவிட்டது. மேலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு அன்றிரவு நல்ல உறக்கம். திறப்பை இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள்.